88 விழுக்காடு குழந்தைகளுக்கு ஊசி போட்டும் தட்டம்மை ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்து சுற்றுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். 12 முதல் 23 மாதம் வரையிலான குழந்தைகளில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்டவர்கள் 1992-93இல் 42 விழுக்காடு. அது 1998-99இல் 51, 2005-06இல் 59, 2015-16இல் 81, 2019-21இல் 88 என்று ஏறியே வந்திருக்கிறது. அப்படியிருந்தும் 2022இன் இறுதியில் மும்பையில், குறிப்பாகக் கோவண்டி பகுதியில், இந்நோய் பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில் 1

ஐயா, நீங்கள் எடுத்துக் காட்டியவை முதல் தவணையின் எண்கள். ஒன்பது மாதத்தில் தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்பொருள் சில குழந்தைகளின் உடலில் இன்னும் மிச்சமிருந்து மருந்தை வேலை செய்ய விடாமல் தடுப்பதால், அப்போது போடும் ஊசி ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கே பலன் தருகிறது. ஓர் ஆண்டில் பிறந்த நூறு குழந்தைகளில் 88 பேருக்கு ஊசி போட்டால், காப்புப் பெறுபவர்கள் 75 பேர்தான். எஞ்சிய 25 பேர் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போனால், நான்கே ஆண்டுகளில் ஒரு முழு ஆண்டின் பிறப்புக்குச் சமமான குழந்தைகள் நோய்க்குத் திறந்த நிலையில் நிற்பார்கள். பரவலைத் தடுக்க 95 விழுக்காட்டினருக்கு இரண்டு தவணையும் போய்ச் சேர வேண்டும். இரண்டாம் தவணை இந்தியாவில் 2010க்குப் பிறகுதான் படிப்படியாக வந்தது. 2019-21 கணக்கெடுப்பில் அதைப் பெற்றவர்கள் 60 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. நாட்டின் சராசரிக்குள் ஒரு குடிசைப் பகுதியின் நிலை தெரியாமல் போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2

நான் கிராம சுகாதார செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள். இந்த மருந்து குப்பியில் பொடியாக வரும். கரைப்பானைச் சேர்த்துக் கலக்கிவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியை உடைத்துப் போடுங்கள் என்பதுதான் விதி. ஆனாலும் மருந்து வீணாகிறதே என்று தயங்கி, "அடுத்த புதன்கிழமை வாங்கம்மா" என்று சொல்லி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். கூலியை விட்டுவிட்டு வந்த அந்தத் தாய் மறுபடி வருவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸப்பில் வந்த வதந்திகளை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர்களின் வீடுகளுக்கு நாங்கள் மூன்று முறை, நான்கு முறை நடந்திருக்கிறோம். போனால் பெரும்பாலானோர் இசைந்தார்கள். யாரும் போகாத வீடுகள்தான் விட்டுப்போயின.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இதைப் படித்துவிட்டு என் மகனின் தடுப்பூசி அட்டையை எடுத்தேன். ஒன்பதாம் மாதக் கட்டத்தில் தேதி இருக்கிறது. 16 முதல் 24 மாதம் என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. அவனுக்கு இப்போது மூன்று வயது. காலம் கடந்துவிட்டதா?

பதில் 2

கடக்கவில்லை, தம்பி. ஐந்து வயது முடியும்வரை அரசு நிலையங்களில் போடுவார்கள். அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். குப்பியை உடைக்கத் தயங்கினால், ஒரு குழந்தைக்கும் உடைக்க வேண்டும் என்ற விதியைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.