பொருள்: 'பாட்' – தானாடியா, ஏவலாடியா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் எழுதியதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. கணினி விளையாட்டிலும் செல்பேசி விளையாட்டிலும் ஆளுக்குப் பதிலாக உட்கார்ந்து ஆடித்தரும் மென்பொருளைப் பிள்ளைகள் 'பாட்' என்கிறார்கள். அதற்கும் அதைச் சுற்றியுள்ள நான்கைந்து சொற்களுக்கும் தமிழ் வேண்டும். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் பள்ளியில் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் கணினிக் குழுவுக்கு இணையப் பாதுகாப்பு பற்றி ஒரு தாள் தயாராகிறது. மலையாளத் தாள் முடிந்துவிட்டது. அதையே எழுத்தை மட்டும் மாற்றி நம் பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வந்த சொற்களில் 'தானாடி'க்குத்தான் ஆதரவு அதிகம். மூன்றே எழுத்து, வாயில் லேசாக வருகிறது. எனக்கும் முதல் இரண்டு நாள் அதுதான் பிடித்திருந்தது. இப்போது வேண்டாம் என்கிறேன். காரணம் சொல்ல ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் அவன் அப்பாவின் பழைய செல்பேசி ஒன்று அவனுக்கென்று இருக்கிறது. இரவு படுக்கப் போகும்போது அதை ஸ்டூல் மேல் மல்லாக்க வைத்து, சூடாகாமல் இருக்க மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிடுவானாம். திரையில் ஒரு சின்ன வட்டம் இரண்டு விநாடிக்கு ஒரு முறை ஒரே இடத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். விடிந்ததும் பார்த்தால் தங்கக் காசு ஏறியிருக்கும். மூன்றாம் வாரம் கணக்கை முடக்கிவிட்டார்கள். ஒரு வருஷமாகச் சேர்த்தது எல்லாம் போயிற்று. அழுத கண்ணோடு என்னிடம் வந்து, "நான் ஒண்ணும் பண்ணலைங்க சார், நான் தூங்கிட்டேன். அதுவாத்தான் ஆடுச்சு" என்றான். பொய் சொல்லவில்லை, மனதார அப்படித்தான் நினைத்தான். 'தானாடி' என்று நாம் பெயர் வைத்தால் அந்த வாக்கியத்துக்கு நாமே முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடும். அது தானாக ஆடவில்லை. அவன் ஏவினான், அது ஆடியது.

அதனால் என் பரிந்துரை 'ஏவலாடி'.

சொல்லின் வேரும் இதற்குத்தான் துணை நிற்கிறது. 'பாட்' என்பது 'ரோபாட்' என்பதன் வால். செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தில் வந்த சொல் அது. 'ரோபோட்டா' என்ற செக் சொல்லுக்குக் கட்டாய உழைப்பு என்று பொருள். நம் பக்கத்தில் திருவிதாங்கூர்க் காலத்து 'ஊழியம்' என்று சொன்னால் பெரியவர்களுக்குச் சட்டென்று புரியும். ஆக, மூலத்திலேயே எஜமான் ஒருவன் இருக்கிறான். தமிழ் விக்கிப்பீடியாவில் 'தானியங்கி' என்கிறார்கள். கட்டுரைகளில் பிழை திருத்தும் நிரலுக்கு அது பொருந்திவிட்டது. அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் தண்ணீர்த் தொட்டி மோட்டாரும் தானியங்கி, கதவும் தானியங்கி. விளையாட்டுக்குத் தனிச்சொல் இருப்பது நல்லது.

'ஆடி' என்று முடிவது ஆளைக் குறிக்க நமக்கு எப்போதும் பழக்கம்தான்: கூத்தாடி, சூதாடி, சாமியாடி. அந்த வரிசையில் ஏவலாடி இயல்பாக உட்காருகிறது. இலக்கணத்தில் 'வா', 'போ' எல்லாம் ஏவல் வினை. இந்த மென்பொருளைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பதும் அதேதான்: தட்டு, காத்திரு, மறுபடி தட்டு.

> ஏவல் என்றால் ஊரில் பில்லி சூனியம்தான் ஞாபகத்துக்கு வரும், தம்பி.

நெல்லை ஐயா எழுதியிருந்தார். வரட்டும் ஐயா. எங்கள் பக்கம் குட்டிச்சாத்தான் கதை கேட்டு வளராத பிள்ளை இல்லை. ஓட்டின் மேல் கல் விழுந்தால், குட்டிச்சாத்தான் தானாக எறிந்தது என்று யாரும் விட்டுவிடுவதில்லை. ஏவிவிட்டது யார் என்றுதான் முதல் கேள்வி. எனக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

அடுத்தது, ஆட்டத்தில் செய்யும் ஏமாற்று. 'ஏமாற்று', 'மோசடி' என்றெல்லாம் வந்திருக்கின்றன. மோசடி வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் உரிய சொல். விளையாட்டுக்குப் பிள்ளைகளிடமே சொல் இருக்கிறது. சென்னையில் போங்காட்டம், வேறு ஊர்களில் அழுகுணி ஆட்டம், எங்கள் பள்ளி மைதானத்தில் பாதிப் பேர் கள்ளாட்டம் என்பார்கள், மீதிப் பேர் மலையாளத்தில் கள்ளக்களி என்பார்கள். கள்ளாட்டம் என்றால் இரண்டு பக்கத்துக்கும் புரியும். அதைத் தடுக்கும் மென்பொருள் 'கள்ளாட்டத் தடுப்பி'. இதில் அதிகம் சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.

கஷ்டமான சொல் இனிமேல்தான். ஏவலாடியை ஓட்டுவது ஒன்று. நிறுவனத்தின் கண்ணில் அது படாமல் பார்த்துக்கொள்வது வேறொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் போதும் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். போதாது. அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு வழக்கு நடந்தது. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டை ஆள் இல்லாத நேரத்தில் ஆடித்தர 'கிளைடர்' என்ற மென்பொருளை எம்.டி.ஒய். என்ற நிறுவனம் விற்றது. விளையாட்டைச் செய்த பிளிசர்டு நிறுவனம் 'வார்டன்' என்ற காவல் நிரலை வைத்து அதைத் தேடியது. வார்டனிடம் சிக்காதபடி கிளைடரை மாற்றினார்கள். 2010 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தது. ஏவலாடியை ஓட்டி ஆடுவது ஒப்பந்தத்தை மீறுவது, ஆனால் பதிப்புரிமை மீறல் ஆகாது. வார்டனைத் தாண்டிப் போக வழி செய்த பொருளை விற்றதுதான் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தில் சிக்குகிறது என்றது. சட்டமே இரண்டாகப் பார்க்கும்போது நம்மிடமும் இரண்டு சொல் இருக்க வேண்டும்.

இரண்டாவதற்கு 'தப்பித்தல்', 'மறைவு', 'கரவு', 'டிமிக்கி' என்று வந்திருக்கின்றன. டிமிக்கி பேச்சில் உயிரோடு இருக்கும் சொல், ஆனால் அது வராமல் போய்விடுவதைக் குறிக்கிறது. டியூஷனுக்கு டிமிக்கி கொடுப்பார்கள். ஏவலாடி எங்கும் போவதில்லை, எதிரிலேயே நின்று ஆள்போல் நடிக்கிறது. கரவு பழைய, அழகான சொல், ஒளித்து வைப்பது. இங்கே ஒளிப்பு பாதிதான். இந்த ஊரில் வெளிச்சமான உதாரணம் ஒன்று உண்டு. கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாக ரேஷன் அரிசி மூட்டை எல்லை தாண்டுவதை எல்லோரும் அறிவோம். தோப்புக்குள் ஊடுவழியில் போகிறவன் ஒளிகிறான். தவிட்டு மூட்டைக்கு அடியில் வைத்து, செக்போஸ்டில் நின்று வணக்கம் வைத்துப் போகிறவன் போக்குக் காட்டுகிறான். ஏவலாடிகள் செய்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலை. ஆகவே 'போக்குக்காட்டல்' என்று வைத்துக்கொள்ளலாம். நம் வாயில் ஏற்கெனவே உள்ள சொல், புதிதாக எதையும் ஒட்ட வேண்டியதில்லை.

அதன் உள்ளே ஒரு சின்னச் சொல்லும் தேவைப்படுகிறது. ஏவலாடி மனிதக் கையைப் போல் தட்டக் கற்றுக்கொள்வது. முடங்கிய கணக்குக்காரப் பையனுக்கு ஒரு பதினோராம் வகுப்பு அண்ணன் பாடம் எடுத்திருந்தான்: "ரெண்டு விநாடிக்கு ஒருக்கான்னு வெச்சா மாட்டிக்குவ. ஒண்ணரை, ரெண்டேகால்னு மாத்தி மாத்தி வெய்யி." நான் இதை வகுப்பிலேயே சோதித்துப் பார்த்தேன். பிள்ளைகள் நிரல் எழுதப் பழகும் ஸ்கிராட்ச்சில் கடிகாரம் வைத்து ஒரு சின்ன நிரல் எழுதினோம். பத்துப் பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து நிமிடம் மனதுக்குள் ஒன்று இரண்டு எண்ணி விசையைத் தட்டினார்கள். பக்கத்திலேயே கணினி, ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவில் குருட்டாம்போக்கில் எண் எடுத்துத் தட்டியது. பிறகு இரண்டையும் வரைபடமாகப் போட்டோம். கணினியின் புள்ளிகள் விதைத்த வயல் மாதிரி சீராகப் பரவிக் கிடந்தன. பிள்ளைகளின் புள்ளிகள் ஒரு இடத்தில் கூட்டமாக அப்பிக்கொண்டு, நடுநடுவே தொலைவில் ஒன்றிரண்டு தனியே கிடந்தன. அந்தத் தனிப் புள்ளி ஒன்றைக் காட்டி, "அது நான் மூக்கைச் சொறிஞ்சப்போ சார்" என்றாள் ஒரு பெண். மூன்றாவது நிமிடத்துக்கு மேல் எல்லோருக்கும் கை தளர்ந்ததும் தெரிந்தது. கள்ளாட்டத் தடுப்பிகள் பார்க்கும் தடயங்களில் இதுவும் ஒன்று. ராத்திரி முழுக்க அசராமல் ஆடுவது, சுட்டி வளையாமல் நேர்கோட்டில் நகர்வது, ஒரே பாதையில் நூறு முறை நடப்பது எல்லாம் மற்றவை. இந்த நடிப்புக்கு 'ஆள்பாசாங்கு' என்று எழுதியிருக்கிறேன்.

இனி நிறுவனங்கள் பக்கம். 'டிடெக்ஷன்' என்பதற்குக் 'கண்டுபிடிப்பு' வேண்டாம். பல்பு கண்டுபிடிப்பு என்று படித்த பிள்ளை, ஏவலாடிக் கண்டுபிடிப்பு என்றால் அதைப் புதிதாக உருவாக்கியவர் யார் என்று கேட்பான். 'இனங்காணல்' போதும்.

கள்ளாட்டக்காரரைச் சிக்கவைக்க வைக்கும் பொறியை 'ஹனிபாட்' என்கிறார்கள். அதற்குத் 'தேன்பானை' என்று வந்திருப்பது சொல்லுக்குச் சொல் மாற்றியது. நம் ஊரில் எலிப்பொறியில் தேன் வைப்பதில்லை, கருவாடுதான் வைக்கிறோம். 'இரைப்பொறி' என்கிறேன். 2023 பிப்ரவரியில் 'டோட்டா 2' விளையாட்டில் வால்வ் நிறுவனம் வைத்தது சரியான இரைப்பொறி. விளையாட்டின் தரவுக்குள், முறையாக ஆடும் யாரும் வாசிக்கவே வழியில்லாத ஒரு பகுதியைச் சேர்த்துவிட்டார்கள். கள்ளாட்ட மென்பொருள்தான் உள்ளே புகுந்து துழாவி அதை வாசிக்கும். வாசித்த கணக்குகள் 40,000க்கு மேல், அத்தனையும் ஒன்றாகத் தடை. கருவாட்டைத் தின்ன வந்தது எலி என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

இப்படிச் சேர்த்துவைத்து ஒரே நாளில் தடை செய்வதற்கும் காரணம் உண்டு. அன்றன்றைக்குத் தடை செய்தால் எதனால் மாட்டினோம் என்று அவர்கள் உடனே சரிசெய்துவிடுவார்கள். 'பேன் வேவ்' என்கிறார்கள். 'தடையலை' எனக்கு ஒட்டவில்லை. 'கூண்டோடு தடை' எப்படி?

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து

* * *

மறுமொழி: 'பாட்' – தானாடியா, ஏவலாடியா?

> சில விளையாட்டிலேயே 'ஆட்டோ' பொத்தான் இருக்கிறதே. அழுத்தினால் அதுவே சண்டை போடும். அதுவும் ஏவலாடியா? இன்னொன்று: கை சரியாக வராதவர்கள் ஒரே தட்டலில் நான்கு வேலை நடக்க மேக்ரோ வைத்துக்கொள்கிறார்கள். அவர்களையும் இந்தச் சொல் கள்ளர் ஆக்கிவிடாதா?

புதுவை அக்கா, இந்த இரண்டும் நான் யோசிக்காமல் விட்ட இடங்கள். நல்ல வேளை கேட்டீர்கள்.

முதலாவதற்குத் தானாடியின் வேரையே எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டே தரும் வசதி 'தன்னாட்டம்'. அங்கே விதியை எழுதியவரே அனுமதிக்கிறார், யாருக்கும் போக்குக் காட்ட வேண்டியதில்லை. 'தானாடி' சொன்னவர்களின் உழைப்பும் வீணாகவில்லை.

இரண்டாவது எனக்கு நெருங்கிய விஷயம். எங்கள் வகுப்பில் வலது கையில் இரண்டு விரல் மட்டும் இயங்கும் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். ஒரு விசையை அழுத்தினால் நான்கு நகர்வு நடக்கும்படி அவளே நிரல் எழுதிக்கொண்டாள். அவளைக் கள்ளாட்டக்காரி என்று சொல்லும் சொல் எதையும் நான் அச்சில் ஏற்ற மாட்டேன். ஏவலாடி என்ற சொல்லில் பழி இல்லை அக்கா, ஏவியவர் ஒருவர் உண்டு என்ற செய்தி மட்டும்தான் இருக்கிறது. பழி கள்ளாட்டத்தில் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாக வைத்ததன் பயனே இங்கேதான். தாளில் 'ஏவலாடி எல்லாம் கள்ளாட்டம் அல்ல' என்று அவள் எழுதிய நிரலையே உதாரணமாகக் காட்டி ஒரு பெட்டிச் செய்தி சேர்க்கிறேன். அவளிடம் கேட்டேன், சரி என்றாள்.

நெல்லை ஐயா தொலைபேசியில் ஒரு திருத்தம் சொன்னார்: 'ஆள்பாசாங்கு' புணர்ந்தால் 'ஆட்பாசாங்கு' ஆகும். இலக்கணப்படி அதுதான் சரி. பிள்ளைகளை வாசிக்கச் சொன்னேன். நான்கு பேர் 'ஆட்டுப் பாசாங்கு' என்று படித்தார்கள். ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, பிரித்து 'ஆள் பாசாங்கு' என்றே அச்சிடுகிறேன்.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் சொற்பட்டியலைக் கொடுத்து, நடந்ததை ஐந்து வரியில் எழுதச் சொல்லியிருந்தேன். "நான் ஏவலாடி வைத்தேன். அது இரவில் ஆடியது. ஆள் பாசாங்கு வராததால் பிடிபட்டது" என்று தொடங்கியிருக்கிறான். பிடிபட்டதற்குக் காரணமாக அவன் நினைப்பது இன்னும் அந்த இரண்டு விநாடியைத்தான். அதைப் பற்றி அவனோடு பேச வேண்டியது பாக்கி இருக்கிறது. ஆனால் முதல் சொல் 'நான்' என்று இருக்கிறது.

'கூண்டோடு தடை'க்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாற்று இருந்தால் வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள். வெள்ளி காலை தாள் அச்சுக்குப் போகிறது.