அப்பாவின் குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால்

மாமனாருக்கு ஹெர்னியா (குடலிறக்க) ஆபரேஷன் தேதி குறித்தாச்சு, என்னென்ன தயார் பண்ணணும்னு ஒரு தோழி கேட்டிருந்தாங்க. எங்க அப்பாவுக்குப் பார்த்ததைச் சொல்றேன்.

அப்பாவுக்கு வலது தொடை இடுக்கில் வீக்கம். நின்றால் வரும், படுத்தால் உள்ளே போய்விடும். வலை வைத்துத் தைக்கணும்னு சர்ஜன் சுருக்கமாச் சொல்லிட்டார். நிறைய நேரம் எடுத்துப் பேசினது மயக்க டாக்டர்தான். "ஐயா, இருமல் இருக்கா? வெளிக்குப் போக முக்கணுமா? ராத்திரி ஒண்ணுக்குப் போக அடிக்கடி எழுந்திரிக்கிறீங்களா?" அப்பாவுக்கு ஒரே கூச்சம், எல்லாத்துக்கும் அம்மாதான் பதில் சொன்னாங்க. இருமினாலும் முக்கினாலும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும், அதைத் தையல் போட்ட இடம் தாங்கணும். பிராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி) வீங்கியிருந்தா, மரத்துப்போக முதுகில் ஊசி போட்டபிறகு சிறுநீர் அடைச்சுக்கலாம். அப்பாவுக்கு அந்த வீக்கம் இருந்தது. அதுக்கு மாத்திரை ஆரம்பிச்ச பிறகுதான் தேதியே கொடுத்தாங்க. பீடியைக் குறைஞ்சது 4 வாரம் முன்னாடியே விடச் சொன்னார். இத்தனை வருஷப் பழக்கத்தை அப்பா விட்டார், எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

சாப்பிடுற மாத்திரை அட்டை அத்தனையும் கையோடு எடுத்துட்டுப் போங்க. க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை எப்போ நிறுத்தணும்னு டாக்டர்தான் சொல்லணும். இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பு வராம வைக்கிற சின்னக் குழாய்) வச்சவங்க தாங்களா நிறுத்தவே கூடாது. சுகருக்கு டாபாக்ளிஃப்ளோசின் சாப்பிட்டா அவசியம் சொல்லுங்க, பொதுவா 3 நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க.

சாப்பாட்டை 6 மணி நேரம் முன்னாடியும், வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்னாடியும் நிறுத்துறது வழக்கம். உங்க ஆஸ்பத்திரியில் சொல்ற நேரத்தைப் பிடிச்சுக்குங்க. பால் சேர்ந்த டீ தண்ணீர்க் கணக்கில் வராது. ஆபரேஷன் பண்ற இடத்து முடியை வீட்டில் ஷேவ் பண்ண வேண்டாம், சின்னக் கீறல் வழியா கிருமி ஏறும். அரைஞாண் கயிற்றைக் கழற்றத்தான் அப்பாவுக்கு மனசே வரலை. நர்ஸம்மா பொறுமையா அவிழ்த்து அம்மா கையில் கொடுத்தாங்க.

இன்ஷூரன்ஸ் புதுசுன்னா முதல்லயே பாருங்க. பல பாலிசிகளில் ஹெர்னியாவுக்கு 2 வருஷம் காத்திருக்கணும்.

*

மேலே எழுதின அக்கா சொன்னதோட நானும் ஒண்ணு சேர்த்துக்கறேன். தேதிக்காகக் காத்திருக்கும் நாட்களையும் கவனிங்க. எங்க பெரியப்பாவுக்கு ஒருநாள் சாயங்காலம் வீக்கம் உள்ளே போகவே இல்லை. கல்லு மாதிரி ஆயிடுச்சு, தொட்டா வலி, அப்புறம் வாந்தி, காத்தும் பிரியலை. காலையில் பாத்துக்கலாம்னு அவர் படுக்கப் போனார். பெரியம்மா விடலை, உடனே ஆட்டோ பிடிச்சாங்க. குடல் மாட்டிக்கிட்டு ரத்த ஓட்டம் குறைய ஆரம்பிச்சிருக்குன்னு சொல்லி அன்னைக்கு ராத்திரியே ஆபரேஷன் பண்ணாங்க. குடலை வெட்டி எடுக்க வேண்டி வரலை. இந்த அறிகுறி வந்தா வீக்கத்தை நீங்களே அழுத்தித் தள்ளாதீங்க, எதையும் சாப்பிடாம அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க.