கிளாஸ் 08 ஷண்டிங் லோகோ: 350 குதிரைத்திறனோடு நின்றது தவறா?

ஸ்விண்டன்பித்தன்:
பிரிட்டிஷ் ரயில்வே 1952 முதல் 1962 வரை ரயில் யார்டுக்குள் பெட்டிகளைப் பிரித்தும் சேர்த்தும் நகர்த்தும் ஷண்டிங் வேலைக்காக 996 கிளாஸ் 08 டீசல் லோகோக்களைக் கட்டியதைப் பலரும் சாதனையாகவே எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிவாதமாகத்தான் தெரிகிறது. எடை ஏறத்தாழ 50 டன், சக்கரங்கள் ஆறு, எஞ்சின் 350 குதிரைத்திறன் (பின்னாளில் 400), வேகம் மணிக்கு 15 மைல், சிலவற்றுக்கு மட்டும் 20. அதன் பக்கத்தில் 1964-இல் ஸ்விண்டன் பணிமனையிலிருந்து வெளிவந்த கிளாஸ் 14-ஐ நிறுத்திப் பாருங்கள். அதே ஆறு சக்கரங்கள், அதே 50 டன், ஆனால் பாக்ஸ்மன் எஞ்சின் தருவது 650 குதிரைத்திறன், வேகம் 40 மைல். இவ்வளவு இருந்தும் 56 லோகோக்களோடு அதை நிறுத்தி, 1969-க்குள் அத்தனையையும் பணியிலிருந்து விலக்கிவிட்டார்கள். கூடுதல் திறனைக் கையில் வைத்துக்கொண்டே பழையதைக் கட்டி அழுததாக நான் சொல்வதில் பிழை எங்கே இருக்கிறது?

யார்டுவாசி:
குதிரைத்திறனை முதலில் வைப்பதில்தான் பிழை இருக்கிறது. ஷண்டிங் வேலைக்கு முதலில் பார்க்க வேண்டியது இழுவிசை. கிளாஸ் 08-இன் உச்ச இழுவிசை 35,000 பவுண்டு, அதாவது சுமார் 156 கிலோநியூட்டன். நீங்கள் மெச்சும் கிளாஸ் 14-இன் உச்சம் 30,910 பவுண்டு, சுமார் 137 கிலோநியூட்டன்தான். நின்றுகொண்டிருக்கும் வண்டித்தொடரை அசைப்பதில் 350 குதிரைத்திறன் 650-ஐ முந்துகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. 50 டன் லோகோ தண்டவாளத்தை அழுத்தும் விசை ஏறத்தாழ 490 கிலோநியூட்டன். அதில் 156 என்பது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. காய்ந்த தண்டவாளத்தில் மணல் தூவினால் அந்தப் பிடிமானம் கிடைக்கும். மழையில் நனைந்து எண்ணெய் படிந்த யார்டுத் தண்டவாளத்தில் ஐந்தில் ஒரு பங்கே கிடைத்தாலும் மகிழ வேண்டியதுதான். அந்த நிலையில் எஞ்சினை எவ்வளவு பெரிதாக்கினாலும் சக்கரம் சுழலுமே தவிர, வண்டி நகராது.

ஸ்விண்டன்பித்தன்:
அசைப்பதோடு வேலை முடிந்துவிடுகிறதா? கிளாஸ் 08-இல் தண்டவாளம் வரை வந்து சேரும் திறன் 260 குதிரைத்திறன், அதாவது 194 கிலோவாட். அதை 156 கிலோநியூட்டனால் வகுத்தால் மணிக்கு நாலரை கிலோமீட்டர். ஆள் நடக்கும் வேகம் அவ்வளவுதான். அதைத் தாண்டியதும் இழுவிசை சரியத் தொடங்குகிறது. மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில், தொடர்ந்து தரக்கூடியதாகக் குறிக்கப்பட்டுள்ள இழுவிசை 11,100 பவுண்டு, அதாவது 49 கிலோநியூட்டன். உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குகூட அது இல்லை.

யார்டுவாசி:
உங்கள் கணக்கு சரி; அதிலிருந்து எடுக்கும் முடிவைத்தான் நான் ஏற்கவில்லை. சமதளத்தில் ஓடும் வண்டிக்கு ஒரு டன்னுக்கு 30 நியூட்டன் எதிர்விசை என்று வைத்துக்கொண்டால், 1,000 டன் தொடருக்கு 30 கிலோநியூட்டன் போதும். 49-இல் மீதி 19 இருக்கிறது. யார்டுக்குள் அதற்கு மேல் வேகமெடுத்து எங்கே போகப் போகிறோம்?

ஷெஃபீல்டை அடுத்த டின்ஸ்லி யார்டைப் பாருங்கள். அங்கே பெட்டிகளைத் தனித்தனியாக உருட்டிவிடுவதற்கான மேட்டின் மீது முழுத் தொடரையும் மெல்லத் தள்ளிக்கொண்டு போக ஒரு 08 போதவில்லை. 1965-இல் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு 08-களை நிரந்தரமாகப் பிணைத்து, ஒன்றின் ஓட்டுநர் அறையை அகற்றிவிட்டு, எடையையும் கூட்டி, கிளாஸ் 13 என்று மூன்று ஜோடிகளை உருவாக்கினார்கள். அவர்கள் தேடிப் போனது எடையையும் சக்கரங்களையும்தான்.

ஸ்விண்டன்பித்தன்:
இரண்டு எஞ்சின்களைப் பிணைத்தால் குதிரைத்திறனும்தானே இரட்டிப்பாகிறது? உங்கள் உதாரணம் எனக்கும் பாதி சாட்சி சொல்கிறது.

கியர்பெட்டி:
இருவரும் பெரிய லோகோக்களைப் பற்றியே பேசுகிறீர்கள். 1957 முதல் 1962 வரை 230 கிளாஸ் 03 லோகோக்கள் கட்டப்பட்டன. எட்டு சிலிண்டர் கார்ட்னர் எஞ்சின், 204 குதிரைத்திறன், திரவ இணைப்பு, ஐந்து வேக கியர்பெட்டி, சக்கரங்களைச் சுழற்ற ஒரு ஜாக் ஷாஃப்ட். 08-இல் சக்கரங்களைச் சுழற்றும் மின்மோட்டார் என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. எடை 30 டன் சொச்சம் என்பதால் 08 ஏற முடியாத வலுக்குறைந்த பாதைகளிலும் துறைமுகக் கிளைகளிலும் இது வேலை பார்த்தது. வேல்ஸில் பழைய கால்வாய்த் தடத்தின் மீது போடப்பட்ட பரி போர்ட் பாதையில் பாலங்கள் மிகத் தாழ்வாக இருந்ததால், கேபினின் உயரத்தைக் குறைத்து இதைத்தான் ஓட்டினார்கள். வேகமும் 28 மைலுக்கு மேல். எளிய இயந்திரமே போதும் என்பது என் கட்சி.

யார்டுவாசி:
1980-களின் நடுவில் அதே பாதையில் 03-களின் இடத்தைப் பிடித்தவை எவை? கேபின் குறுக்கப்பட்ட 08-கள்தான். கியர்பெட்டி லோகோ மோசம் என்று நான் சொல்லவில்லை. அதன் இழுவிசை 15,300 பவுண்டு என்பதால் அது வேறு வேலைக்கான கருவி என்கிறேன்.

எஞ்சினைப் பற்றியும் ஒரு சொல். 08-இல் உள்ள இங்கிலிஷ் எலெக்ட்ரிக் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரும் 10 அங்குல விட்டமும் 12 அங்குல வீச்சும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்டது. ஆறும் சேர்ந்தால் 92 லிட்டருக்கு மேல் வரும். நிமிடத்துக்கு 680 சுற்று, அதற்கு மேல் இல்லை. அவ்வளவு பெரிய சிலிண்டர்களிலிருந்து 350 குதிரைத்திறன் மட்டும் வாங்குவது வீண் என்று தோன்றும். ஆனால் நாளின் பெரும்பகுதி சும்மா உறுமிக்கொண்டு நிற்பதும், திடீரென முழுச் சுமையை ஏற்பதும், மறுபடி நிற்பதுமான பிழைப்புக்கு அந்த நிதானம்தான் பொருந்தும். கிளாஸ் 14-இன் எஞ்சின் 1,500 சுற்றில்தான் தன் 650-ஐத் தருகிறது.

ஸ்விண்டன்பித்தன்:
அந்த 1,500 சுற்று எஞ்சின்தான் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் கார்பி எஃகு ஆலைக்கும் விற்கப்பட்ட பிறகு 1980-கள் வரை உழைத்தது; நிதானம் இல்லாத எஞ்சின் என்று அதைத் தள்ளிவிட முடியாது. பிரிட்டிஷ் ரயில்வே கிளாஸ் 14-ஐ விலக்கியதற்குக் காரணம், அதற்கென வைத்திருந்த குறுந்தூரச் சரக்கு வேலை லாரிகளிடம் போனதுதான்.

யார்டுவாசி:
அதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரிட்டிஷ் ரயில்வே அதை டைப் 1 என்ற பிரதான பாதை வரிசையில் வைத்திருந்தது. யார்டுக்கும் யார்டுக்கும் நடுவே ஓடப் பிறந்ததை யார்டுக்குள் வேலை செய்வதோடு ஒப்பிட்டது நீங்கள்தான்.

ஸ்விண்டன்பித்தன்:
சரி, தலைப்பிலிருந்து குதிரைத்திறனை எடுத்துவிடுகிறேன். வேகத்தைப் பற்றிய குறையை மட்டும் விடமாட்டேன். 08-இன் கியர் பல் விகிதத்தை மாற்றிக் கட்டிய கிளாஸ் 09 மணிக்கு 27 மைல் ஓடியது. இழுவிசை 25,000 பவுண்டாகக் குறைந்தாலும் பிரிட்டிஷ் ரயில்வேயின் தெற்குப் பகுதியில் பிரதான பாதைக்கு வந்துபோக அது போதுமானதாக இருந்தது. அதில் கட்டியது 26 மட்டும். 996-க்கு 26 என்ற அந்த விகிதத்தை யாராவது எனக்கு நியாயப்படுத்திக் காட்டட்டும்.