கறுப்புத் தாள் சுற்றினீர்களா?

அகர்தட்டு: சிவப்பு நிறமி தரும் மொனாஸ்கஸ் பூஞ்சையில் எங்கள் மாணவர் ஆய்வு முடிந்தது. மரபணுவை மாற்ற, அதன் ஸ்போர்களுக்கு (விதை போன்ற நுண்துகள்கள்) 254 நானோமீட்டர் புற ஊதா கொடுத்தோம். பிழைத்ததில் ஒரு காலனி ரத்தச் சிவப்பு. திரவ ஊடகத்தில் தாய் ஸ்ட்ரெயினைவிட (மாற்றாத மூல வகை) மூன்று மடங்கு நிறம். ‘மாணவர்கள் செய்யும் ஸ்ட்ரெயின் மேம்பாடு எல்லாம் கண்துடைப்பு’ என்று போன வாரம் எழுதியவருக்கு இது சமர்ப்பணம்.

பழம்பூஞ்சை: எழுதியது நான்தான். ஒரே கேள்வி. புற ஊதா கொடுத்ததும் பிளேட்டைக் கறுப்புத் தாளில் சுற்றினீர்களா? வெளிச்சம் பட்டால் பூஞ்சையின் நொதியே டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்துவிடும், தம்பி.

அகர்தட்டு: சுற்றவில்லை. அதனால் திரிபுகளின் (மரபணு மாறியவை) எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். கிடைத்த திரிபு எப்படிப் பொய்யாகும்? அப்புறம், நான் தம்பி இல்லை, பெண்.

பழம்பூஞ்சை: ஆக, சுற்றவில்லை.

சிவப்புக்கோடு: ஊடகத்தில் நைட்ரஜனுக்கு என்ன போட்டீர்கள்? குளுட்டமேட் போட்டாலே ஆரஞ்சு நிறமி அதோடு சேர்ந்து சிவப்பாகும். மரபணு மாறாமலே, சிவப்பை அளக்கும் 500 நானோமீட்டர் ரீடிங் ஏறிவிடும்.

அகர்தட்டு: தாய்க்கும் திரிபுக்கும் ஒரே ஊடகம், ஒரே ஷேக்கர்.

பழம்பூஞ்சை: ஊடகம் கிடக்கட்டும். நாங்கள் படித்த காலத்தில் விளக்கை அணைத்துவிட்டு, மங்கலான சிவப்பு பல்பில் தட்டுத் தடுமாறி பிளேட் பரப்பினோம். இப்போது டியூப் லைட்டுக்கு அடியில் வைத்துவிட்டு மேம்பாடாம்!

சிவப்புக்கோடு: உங்கள் காலத்துக் கதையைப் போன மாதமும் கேட்டோம். அப்போது நீங்கள் எடுத்த ஸ்ட்ரெயின் மூன்றாவது சப்கல்ச்சரிலேயே (புது ஊடகத்துக்கு மாற்றி வளர்ப்பது) வெளுத்துப்போனதையும் சொல்லுங்கள்.

பழம்பூஞ்சை: அது ஃப்ரிட்ஜ் கெட்டதால்! பழைய பகையை இங்கே தீர்க்க வேண்டாம்.

மைசீலியம்: சிட்ரினின் பார்த்தீர்களா? சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு, இதே பூஞ்சைதான் சுரக்கிறது. நிறத்தோடு அதுவும் ஏறியிருந்தால்? இந்தப் பூஞ்சையால் புளிக்கவைத்த சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரைகளில் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு.

பழம்பூஞ்சை: நஞ்சு அப்புறம். முதலில் திரிபு நிஜமா என்று தெரியட்டும். வெளிச்சத்தில் வைத்தது அவரே ஒப்புக்கொண்டது.

அகர்தட்டு: ஐந்து சப்கல்ச்சர் தாண்டியும் அதே சிவப்பு. இதற்கு மேல் என்ன வேண்டும், ஐயா?

மைசீலியம்: சிட்ரினின்?

பழம்பூஞ்சை: சிவப்பு இருக்கட்டும். ஒரு கறுப்புத் தாளுக்கா உங்கள் லேபில் பஞ்சம்?