நடையில் நிற்கும் செருப்பு அலமாரி சாயாமல் இருக்க என்ன வழி?

கேள்வி: ராயபுரத்தில் பழைய வீடு. நடையில் 5 அடி உயர மர அலமாரி, ஆழம் 1 அடிதான். கீழ்க் கதவைத் திறந்து குழந்தை ஏறினால் முன்பக்கம் சாய்கிறது. சுவரோ சுண்ணாம்புக் காரை, தட்டினாலே உதிர்கிறது. எதில் பிடிப்பது?

பதில் 1: உதிர்வது பூச்சு. பிடிப்பு செங்கல்லில் இருக்கணும். அலமாரியின் மேல்முனையில், பக்கப் பலகைக்கு ஒன்றாக இரண்டு எல் கிளாம்ப் (எல் வடிவ இரும்புப் பட்டை) போட்டுச் சுவரோடு பிடிங்க. பின்பலகை மெல்லிய பிளை, அதில் மாட்டினால் பிய்ந்து வரும். டிரில்லில் 8 மி.மீ. பிட் போடுங்க, ஹேமர் மோடு (அடித்தபடி துளைப்பது) வேண்டாம். பழைய செங்கல் அதிர்ச்சியில் பிளக்கும். சிவப்புத் தூள் வந்தபின் இன்னும் 5 செ.மீ. போகணும். வெள்ளைத் தூளே வந்துகொண்டிருந்தால் அது இரண்டு கல்லுக்கு நடுவிலுள்ள சாந்து, 4 செ.மீ. மேலே தள்ளித் துளையுங்க. தூளை ஊதிவிட்டு, ஸ்க்ரூவைப் பிடிக்கும் நைலான் பிளக்கைத் துளையில் செருகுங்க. பூச்சு 25 மி.மீ. என்றால் ஸ்க்ரூ 80 மி.மீ. வேணும். 35 வாங்கினால் செங்கல்லில் 1 செ.மீ.கூட இறங்காது.

பதில் 2: கடற்காற்றுக்கு ஸ்க்ரூ, கிளாம்ப் இரண்டும் எஸ்எஸ் 304-ஆக (துருப்பிடிக்காத எஃகு வகை) வாங்குங்க. ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் பட்டை) தடுத்து அலமாரிக்குப் பின்னால் இடைவெளி விழுந்தால் அதே தடிமனில் மரக்கட்டை வைத்து முறுக்குங்க, இல்லாவிட்டால் கிளாம்ப் வளையும்.

கேள்வி கேட்டவர்: பக்கத்தில் சுவிட்ச் போர்டு இருக்கே?

பதில் 1: அதற்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்காதீங்க, ஒயர் பைப் பெரும்பாலும் அங்கேதான் ஓடும். மெயினை அணைத்துவிட்டு, பேட்டரி டிரில்லில் செய்யுங்க.