"வேணும்னே அடிக்கிறான்" என்று அம்மா சொன்னால் என்ன பதில் சொல்வது?

நர்சரி டீச்சர், ஈசூன் (சிங்கப்பூர்):
மூன்றரை வயதுப் பையன். பொம்மையைப் பிடுங்கினால் அடிக்கிறான், கடிக்கிறான். அம்மா, "என்னைக் கோபப்படுத்தத்தான் செய்றான்" என்கிறார். வீட்டில் ரோத்தானும் (பிரம்பு) உண்டு. அம்மா இப்படி நினைப்பதற்கும் பிள்ளை கைநீட்டுவதற்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா? அடுத்த வாரம் பெற்றோர் சந்திப்பு.

மனநலம்_சிறார்:
இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் தண்டனை வழியாகத்தான் போய்ச் சேர்கிறது. ராபர்ட் நிக்ஸ் குழுவினரின் 1999 ஆய்வில், பிள்ளை செய்வதிலெல்லாம் கெட்ட நோக்கம் பார்க்கும் தாய்மார் கூடுதலாகக் கடுமை காட்டினார்கள்; அவர்கள் பிள்ளைகளிடம் பள்ளியில் முரட்டுத்தனமும் கூடுதல். இடையில் அந்தக் கடுமைதான் பெரும்பங்கு வகித்தது. கென்னத் டாட்ஜ் குழு 1990-இல் இன்னொரு கண்ணியைக் காட்டியது: கடுமையாக அடிவாங்கிய பிள்ளை, பிறர் செயலிலும் பகையையே பார்க்கப் பழகுகிறது. வரிசையில் தெரியாமல் இடித்தவனையும் "வேணும்னே இடிச்சான்" என்று திருப்பி அடிக்கும். அம்மாவின் வாக்கியம் பிள்ளையின் வாயில் வந்துவிடுகிறது, பாருங்கள்.

சந்திப்பில் "நீங்க நினைக்கிறது தப்பு" என்று தொடங்கினால் கதவு மூடிவிடும். முதலில், அடிப்பது இரண்டு மூன்று வயதில்தான் உச்சத்தில் இருக்கும், பிறகு பெரும்பாலான பிள்ளைகளிடம் குறையும் என்று சொல்லுங்கள். பிறகு ஒரு வாரத்துக்குக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள்: மணி, அதற்கு முன் நடந்தது, அவன் செய்தது, பின் நடந்தது, "ஏன் செய்தான் என்று எனக்குப் பட்டது". அந்தக் கடைசிக் குறிப்பை விட்டுவிடாதீர்கள், விஷயமே அதில்தான். குறிப்புகள் ஒரே நேரத்தில், உதாரணமாக மாலையில், குவிகின்றனவா என்று பாருங்கள்: பசியோ பகல் தூக்கம் போதாமையோ காரணமாக இருக்கலாம். இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணிநேரத் தூக்கம் வேண்டும். நேரத்தைப் பார்த்ததும் "வேணும்னே" கொஞ்சம் தளரும்.

பெற்றோர்_பயிற்சி:
எண்ணம் மாறினால் மட்டும் போதாது, கைக்கும் வேலை வேண்டும்.

தினமும் 5 நிமிடம் அவன் போக்கில் விளையாட்டு. கட்டளை, கேள்வி, குறை மூன்றும் கூடாது. அவன் செய்வதை வாய்விட்டுச் சொல்வதும் பாராட்டுவதும் மட்டும். இதைத் தவிர்த்துவிட்டு, தப்பு செய்ததும் தனியாக நாற்காலியில் சற்று நேரம் உட்காரவைப்பதை மட்டும் செய்தால் அது வெறும் தண்டனை.

கட்டளை ஒன்று, செய்ய வேண்டியதாக: "கையை மடியில வை." "அடிக்காம இருக்கியா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்பான், அதுவும் நியாயமான பதில்தான்! 5 விநாடி பொறுங்கள். கேட்காவிட்டால் ஒரே எச்சரிக்கை, பிறகு நாற்காலி. அடித்தால் எச்சரிக்கை இல்லை, நேராக நாற்காலி. 3 நிமிடம், முடிவில் 5 விநாடி அமைதி வந்ததும் விடலாம்.

கெடுவது எங்கே? உட்கார்ந்திருக்கும்போது அறிவுரை சொல்வது. பாட்டி வந்து தூக்கிவிடுவது. முதல் சில நாட்களில் கத்தல் கூடும்; "வேலை செய்யல" என்று அப்போது நிறுத்தினால், இன்னும் உரக்கக் கத்தினால் ஜெயிக்கலாம் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

சமூகப்பணி_தெம்பனிஸ்:
பழியெல்லாம் அம்மா தலையிலா? உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் விளக்கிய சுழல் இருபக்கமும் ஓடுவது. உணவங்காடியில் பிள்ளை கத்துகிறான், அம்மா கைப்பேசியைக் கொடுக்கிறார், கத்தல் நிற்கிறது. இருவருக்குமே பலன், அடுத்த முறை இருவரும் அதையே செய்வார்கள். பிறவியிலேயே எளிதில் கொதிக்கும் பிள்ளை யாரையும் கடுமைக்குத் தள்ளும். அப்பா, பாட்டி, பணிப்பெண் எல்லாருக்கும் ஒரே விதி இருக்கட்டும்.

அம்மாவின் தூக்கம், மனச்சோர்வு பற்றியும் மெதுவாகக் கேளுங்கள். சோர்ந்த மனத்துக்கு எல்லாமே வம்பாகத் தெரியும். பையனின் பேச்சு வயதுக்குப் பின்தங்கியிருந்தால் அல்லது காது கேட்பதில் சந்தேகமிருந்தால் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அனுப்புங்கள். அங்கிருந்து கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம்.

நர்சரி டீச்சர், ஈசூன்:
நன்றி. ரோத்தானைப் பற்றிப் பேசலாமா?

பெற்றோர்_பயிற்சி:
முதல் சந்திப்பில் வேண்டாம், அடித்த தழும்பு கண்ணில் படாதவரை. பட்டால் அன்றே நர்சரி முதல்வரிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் குறிப்பேடு கைக்கு வந்தபின், "அடித்த நாளில் அடுத்த ஒரு மணிநேரம் எப்படிப் போச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.