பிஎஸ்6-ல் எவ்வளவு ராம்? 24 போதுமா, 30 வேண்டுமா?

தென்பொதிகை:
சோனியின் அடுத்த பிளேஸ்டேஷன் (பிஎஸ்6) பற்றி வருகிற கசிவு எல்லாமே டெராஃப்ளாப், அதாவது நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்ற கணக்கிலேயே சுற்றுகிறது. எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. 2020-ல் பிஎஸ்5-க்கு 10.28, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-க்கு 12.15 என்று எவ்வளவு சண்டை போட்டோம்! கேம்கள் வந்தபின் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. சில கேம்களில் பிஎஸ்5 முந்திக்கொண்டும் போனது.

என் கட்சி ராம், அதாவது கேம் ஓடும்போது தரவை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம். பழைய வரிசையைப் பாருங்கள். பிஎஸ்2-ல் முக்கிய நினைவகம் 32 எம்பி. பிஎஸ்3-ல் இரண்டு துண்டாக மொத்தம் 512 எம்பி. பிஎஸ்4-ல் 8 ஜிபி. ஒவ்வொரு முறையும் 16 மடங்கு. பிஎஸ்5-க்கு வரும்போது 16 ஜிபி, அதாவது வெறும் இரண்டு மடங்கு. அப்படியும் அது தாக்குப்பிடித்ததற்குக் காரணம் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத சேமிப்பு. பிஎஸ்4-ன் சுழலும் ஹார்ட் டிஸ்க் நிமிடக்கணக்கில் இழுத்த வேலையை, நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும் எஸ்எஸ்டி நொடிகளில் முடித்தது. அடுத்து என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே ராமில் அடுக்கி வைக்கும் அவசியம் குறைந்தது. 2019-ல் சோனி காட்டிய ஸ்பைடர்மேன் டெமோ நினைவிருக்கும். நகரத்தின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குத் தாவ பிஎஸ்4 ப்ரோவில் 15 நொடி, புதிய மெஷினில் 0.8 நொடி.

அந்தத் தாவலை இன்னொரு முறை செய்ய முடியாது. 0.8 நொடியை 0.3 ஆக்கினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆக, இந்த முறை ராமைத்தான் கூட்டியாக வேண்டும். சோனி 30 ஜிபி வைக்கும் என்பது என் கணிப்பு. வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கையும்கூட.

சிலிக்கான்_செல்வன்:
வரிசை சரி, முடிவு தப்பு. ராமை யாரும் ஆசைக்கு வைப்பதில்லை. விலைப்பட்டியலையும் பஸ் அகலத்தையும் (ராமுக்குப் போய்வரும் பாதையின் அகலம்) பார்த்துத்தான் வைப்பார்கள்.

கணக்கு எளிது. ஒரு ஜிடிடிஆர் சிப்புக்கு (கன்சோல்களில் வைக்கும் வேக ராம்) 32 பிட் பாதை. பிஎஸ்5-ல் 256 பிட், ஆகவே 8 சிப். ஒவ்வொன்றும் 2 ஜிபி, மொத்தம் 16. இப்போது ஜிடிடிஆர்7-ல் 3 ஜிபி சிப் வந்துவிட்டது. அதே 256 பிட்டில் போட்டால் 24. போர்டின் ஒரே பக்கத்தில், இன்னொரு சிப் கூட்டாமல், பாதி அளவு கூடுதல் ராம். எந்தக் கம்பெனியும் முதலில் இதைத்தான் பார்க்கும்.

நீங்கள் சொல்கிற 30-க்கு 10 சிப் வேண்டும். கசிவுகளில் அடிபடுகிற 160 பிட் பஸ் உண்மையென்றால், ஒரு பக்கம் 5, மறுபக்கம் 5 என்று, இரண்டு சிப் ஒரு பாதையைப் பகிரும்படி, போர்டின் இருபுறமும் சிப் ஒட்ட வேண்டும். பின்பக்கச் சிப்புக்கும் குளிரூட்டல் வேண்டும், போர்டு வடிவமைப்பும் சிக்கலாகும். அகலம் 160-க்குச் சுருங்கினால் வேகம் என்ன ஆகும்? ஒவ்வொரு பிட் பாதையிலும் நொடிக்கு 32 ஜிகாபிட் அனுப்பும் சிப் போட்டால்கூட மொத்தம் நொடிக்கு 640 ஜிபி. பிஎஸ்5 ப்ரோவிலேயே 576 இருக்கிறது. அடுத்த தலைமுறை என்று சொல்லிவிட்டு ப்ரோவை விட 64 மட்டும் அதிகமா?

விலைக்கு வருவோம். 2025 கடைசியிலிருந்து டிராம் (ராம் சிப் வகை) விலை ஏறிய வேகம் எல்லோருக்கும் தெரியும். உலகத்துக்கு டிராம் செய்கிறவர்களில் பெரிய கைகள் மூன்றுதான்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ டேட்டா சென்டர்களுக்குப் போகிற எச்பிஎம் என்ற அதிவேக நினைவகம், அதே அளவு டிடிஆர்5-ஐ (சாதாரண கம்ப்யூட்டர் ராம்) விட சுமார் மூன்று மடங்கு வேஃபரை (சிப் வெட்டியெடுக்கும் சிலிக்கான் தட்டு) தின்கிறது. லாபமும் அங்கேதான். மைக்ரான் தன் க்ரூஷியல் நுகர்வோர் வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்தச் சந்தையில் போய் 30 ஜிபி கேட்கிறீர்கள்.

ரிச்சி_தெரு:
24-ஓ 30-ஓ, முதலில் நம் ஊருக்கு வரட்டும். பிஎஸ்5 ப்ரோ 2024 நவம்பரில் வெளியானபோது இந்தியாவுக்கு இல்லை என்று சோனியே சொன்னது. அதிலிருக்கும் வைஃபை 7 பயன்படுத்துகிற 6 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லை என்பதுதான் காரணம். வேண்டுமென்றவர்கள் வெளிநாட்டிலிருந்து வருகிற சரக்கை வாரண்டி இல்லாமல் வாங்கினார்கள். சாதாரண பிஎஸ்5 இங்கே 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்து, அடுத்த வருடமே 54,990 ஆனது. விலை ஏறாத மெஷின் வேண்டும். என் ஓட்டு 24-க்கு.

தென்பொதிகை:
செல்வன், உங்கள் கணக்கிலேயே பதில் இருக்கிறது. வேகம் 640 போதாது என்றீர்கள். அதற்குத்தான் பிளேஸ்டேஷனை வடிவமைக்கும் மார்க் செர்னியும் சிப் கம்பெனியான ஏஎம்டியின் ஜாக் ஹுயினும் 2025 அக்டோபரில் வீடியோ போட்டார்கள். ப்ராஜெக்ட் அமெதிஸ்ட் என்ற கூட்டுமுயற்சியில் மூன்று விஷயம் சொன்னார்கள். சிப்பின் கணக்கீட்டுப் பிரிவுகளை ஒன்றாக இணைத்து ஏஐ வேலைக்கு விடும் நியூரல் அரேஸ். ரே டிரேசிங்கில் (ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து படம் வரைவது) கதிர் எந்தப் பொருளில் படுகிறது என்று தேடும் வேலையை ஷேடரிடமிருந்து (நிறம், ஒளி கணக்கிடும் பொதுப் பிரிவு) பிடுங்கித் தனி வன்பொருளிடம் கொடுக்கும் ரேடியன்ஸ் கோர்ஸ். மூன்றாவது யுனிவர்சல் கம்ப்ரெஷன். ஜிபியூவிலிருந்து (படம் வரையும் சிப்) ராமுக்குப் போகிற எல்லாத் தரவையும் பார்த்து, முடிந்த இடத்திலெல்லாம் சுருக்கி அனுப்புவது. இப்போதைய முறை டெக்ஸ்சர் (பொருள்மேல் ஒட்டும் படம்), ரெண்டர் டார்கெட் (வரைந்துகொண்டிருக்கும் படம்) போன்ற சிலவற்றைத்தான் சுருக்குகிறது.

ஆக, குறுகிய பஸ், சுருக்கிய தரவு. கசிவில் வருகிற 160 பிட்டுக்கும் செர்னி பேச்சுக்கும் பொருந்துகிறதா இல்லையா?

சிலிக்கான்_செல்வன்:
பொருந்துகிறது. ஆனால் அந்த மூன்றும் இப்போதைக்கு சிமுலேஷனில்தான் இருக்கின்றன என்று செர்னியே அதே வீடியோவில் சொன்னார். சில வருடங்கள் கழித்து வரப்போகிற ஒரு கன்சோலுக்கு என்றார். சரி, எல்லாம் அப்படியே வந்தது என்றே வைத்துக்கொள்வோம். தரவையே சுருக்க முடியுமென்றால் 30 ஜிபி எதற்கு? 24-க்குள் அடங்கிவிடுமே.

நிலாமுற்றம்:
செல்வன், இந்த இடத்தில் குறுக்கிடுகிறேன். பேண்ட்விட்த் (நொடிக்கு எவ்வளவு தரவு போகும் என்பது) வேறு, கொள்ளளவு வேறு. இந்த வகைச் சுருக்கம் ராமுக்கும் ஜிபியூவுக்கும் நடுவே ஓடுகிற போக்குவரத்தைக் குறைக்கும். எந்தத் தரவு எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டி உறுதி சொல்ல முடியாது. சுருங்காமல் போகலாம் என்று முழு இடத்தையும் ஒதுக்கித்தான் வைக்க வேண்டும். இப்போதிருக்கிற, நிறத் தரவைச் சுருக்கும் டெல்டா கலர் கம்ப்ரெஷனும் அப்படித்தான். வேகம் மிச்சமாகும், இடம் மிச்சமாகாது. எனவே ‘சுருக்கம் வருகிறது, 24 போதும்’ என்ற வாதம் நிற்காது.

நான் வேலை பார்ப்பது கேம் போர்ட்டிங் (ஒரு கருவிக்கான கேமை இன்னொன்றில் ஓடவைப்பது) செய்கிற ஒரு சின்ன ஸ்டூடியோவில். எங்களுக்கு டெராஃப்ளாப் தட்டுப்பாடு வந்தால் ரெசல்யூஷனைக் குறைத்து, அப்ஸ்கேலர் (சிறிய படத்தைப் பெரிதாக்குவது) போட்டுச் சமாளித்துவிடுவோம். ராம் தட்டுப்பாடு வந்தால் அப்படிச் சமாளிக்க முடியாது. எல்லாம் ஓடும், ஒரே ஒரு இடத்தில், கூட்டமான கடைத்தெருவுக்குள் நுழைந்து கேமராவைச் சட்டென்று திருப்பினால் மட்டும் கேம் விழும். எது இடத்தைத் தின்றது என்று தேட ஆரம்பித்தால் ஆடியோ குழு, அனிமேஷன் குழு, டெக்ஸ்சர் குழு எல்லோரும் வந்து உட்கார வேண்டும். ஆளுக்கு 40 எம்பி விட்டுக்கொடுங்கள் என்று கெஞ்ச வேண்டும். வெளியீட்டுக்கு முந்தைய வாரங்கள் இதிலேயே போகும்.

சீரிஸ் எக்ஸ்-ல் 16 இருந்தாலும் கேமுக்குக் கிடைப்பது 13.5 ஜிபி. மீதி சிஸ்டத்துக்கு. ப்ரோவில் சோனி சிஸ்டத்துக்கென்று தனியாக 2 ஜிபி டிடிஆர்5 வைத்து, கேமுக்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேலே விடுவித்தது. அந்த ஒரு ஜிபிக்காகத் தனி சிப் வைத்தார்கள் என்றால் உள்ளே எவ்வளவு நெருக்கடி என்று யோசியுங்கள். அதற்கு மேல் ரே டிரேசிங்குக்கு காட்சி முழுவதையும் மரக்கிளை போன்ற அமைப்பாக அடுக்கி ராமில் வைக்க வேண்டும். ஏஐ அப்ஸ்கேலருக்கும் ஃப்ரேம் ஜெனரேஷனுக்கும் (நடுவே கூடுதல் ஃப்ரேம்களை உருவாக்குவது) முந்தைய ஃப்ரேம்கள், ஏஐ நெட்வொர்க்கின் எடைகள் (அது கற்றுவைத்த எண்கள்) என்று இன்னொரு பங்கு போகும்.

இருந்தாலும் எனக்குப் பெரிய கவலை 24-ஆ 30-ஆ என்பதல்ல. சோனி ஒரு கையடக்கக் கருவியும் செய்கிறது என்று பேச்சு இருக்கிறதே, அதில் எவ்வளவு ராம் என்பதுதான். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 10 ஜிபியோடு வந்தது. இரண்டு எக்ஸ்பாக்ஸிலும் ஒரே வசதிகள் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. பால்டர்ஸ் கேட் 3-ஐ என்ன செய்தது அது? திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதி சீரிஸ் எஸ்-ல் ஓடவில்லை. பிஎஸ்5-ல் 2023 செப்டம்பரில் வந்த கேம், எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பரில் வந்தது. அதுவும் மைக்ரோசாஃப்ட் அந்த விதியைத் தளர்த்தி, சீரிஸ் எஸ்-ல் அந்த வசதி இல்லாமலே வெளியிடச் சம்மதித்த பிறகு.

தென்பொதிகை:
நல்ல விளக்கம், நன்றி. ஆனால் கையடக்கக் கருவி எல்லோரையும் கீழே இழுக்கும் என்பதை நான் ஏற்கவில்லை. 2017-ல் 4 ஜிபியோடு ஸ்விட்ச் வந்தது. கோடிக்கணக்கில் விற்றது. அதற்காக பிஎஸ்4-ன் 8 ஜிபியை யாராவது பயன்படுத்தாமல் விட்டார்களா? பெரிய கேம்கள் பிஎஸ்4-ஐ மனதில் வைத்துத்தான் உருவாயின. முடிந்தவை ஸ்விட்சுக்குப் போயின, முடியாதவை போகவில்லை.

நிலாமுற்றம்:
ஸ்விட்சுக்குப் போகாமல் இருக்க ஸ்டூடியோவுக்கு உரிமை இருந்தது. சீரிஸ் எஸ்-ஐத் தவிர்க்க உரிமை இல்லை. வித்தியாசம் முழுக்க அந்த விதியில்தான். சோனி தன் கையடக்கக் கருவியில் ஓடாத பிஎஸ்6 கேமுக்கு அனுமதி கொடுக்குமா, கொடுக்காதா? கொடுத்தால் உங்கள் 30 ஜிபி வீணாகாது. கொடுக்காவிட்டால் கையடக்கத்தில் இருக்கும் ராம்தான் பிஎஸ்6-ன் ராம். பெரிய மெஷினில் மிச்சமிருப்பது கூர்மையான டெக்ஸ்சருக்கு மட்டும் பயன்படும். ஸ்விட்ச் 2-ல் 12 ஜிபி, கேமுக்கு 9. சோனி அதற்குக் கணிசமாக மேலே போக வேண்டும்.

ரிச்சி_தெரு:
டிஸ்க் டிரைவ் பற்றி யாருமே பேசவில்லையே? ப்ரோவில் அதைக் கழற்றிவிட்டார்கள், 2024-ல் வந்தபோதே விலையோ 699.99 டாலர். இங்கே பலரும் ஒரு கேமை வாங்கி, முடித்துவிட்டு, விற்று, அந்தக் காசில் அடுத்ததை வாங்குகிறவர்கள். பிஎஸ்6-ல் டிரைவைத் தனியாகக்கூட விற்கவில்லை என்றால், அந்தப் பழக்கமே முடிந்துவிடும். எனக்கு ராமை விட அதுதான் பெரிய விஷயம்.

சிலிக்கான்_செல்வன்:
ரிச்சி, டிரைவைத் தனியாக விற்பார்கள் என்றே நினைக்கிறேன். ஸ்லிம் மாடலிலேயே கழற்றி மாட்டும் வசதி வந்துவிட்டது.

நிலாமுற்றம், பேண்ட்விட்த்–கொள்ளளவு வித்தியாசம் ஏற்கிறேன். ஆனால் தேவை இருக்கிறது என்பதற்காக வந்துவிடாது. முன்பெல்லாம் கன்சோலை நஷ்டத்தில் விற்றாலும் பரவாயில்லை என்று இறங்கினார்கள். ஏன்? சில வருடத்தில் சிப் சுருங்கும், செலவு இறங்கும் என்ற நம்பிக்கை. பிஎஸ்2 299 டாலரில் தொடங்கி 2009-ல் 99-க்கு வந்தது. பிஎஸ்4 399-ல் தொடங்கி மூன்று வருடத்தில் 299. பிஎஸ்5-ஐப் பாருங்கள். 499-ல் தொடங்கி, 2025 ஆகஸ்டில் அமெரிக்காவிலேயே 549.99 ஆனது. ஐந்து வருடம் பழைய மெஷின் விலை ஏறுகிறது! புதிய வேஃபர் தலைமுறை வந்தாலும் ஒரு டிரான்சிஸ்டரின் விலை முன்போல் இறங்குவதில்லை. முதல் நாள் போடுகிற 6 ஜிபி கூடுதல் ராமின் செலவு, அந்த மெஷினின் ஆயுள் முழுக்கக் கூடவே வரும். எந்த நிதி அதிகாரி இதற்குக் கையெழுத்துப் போடுவார்?

தென்பொதிகை:
2013 பிப்ரவரியில் நியூயார்க் மேடையில் பிஎஸ்4-க்கு 8 ஜிபி ஜிடிடிஆர்5 என்று அறிவித்தபோது, பல ஸ்டூடியோக்களுக்கே அது புதுச் செய்தி. 4 ஜிபி என்று நினைத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு அது விலை உயர்ந்த நினைவகம். எக்ஸ்பாக்ஸ் ஒன் மலிவான டிடிஆர்3-க்குப் போய், வேகத்தை ஈடுகட்ட 32 எம்பி இஎஸ்ராம் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) ஒட்டவைத்தது. அந்த 32 எம்பிக்குள் எல்லாவற்றையும் அடக்க டெவலப்பர்கள் பட்ட பாடு தெரியும்தானே? அன்றும் ஒரு நிதி அதிகாரி இருந்திருப்பார். சோனி கையெழுத்துப் போட்டது, அந்தத் தலைமுறையை ஜெயித்தது.

விலைதான் பிரச்சினை என்றால் குறைக்க வேண்டிய இடம் எஸ்எஸ்டி. ப்ரோவில் 2 டிபி கொடுத்தார்கள். பிஎஸ்6-ல் 1 டிபி போதும். பிஎஸ்5-ல் 2021 செப்டம்பரிலிருந்து எம்.2 ஸ்லாட் (கூடுதல் எஸ்எஸ்டி மாட்டும் இடம்) வேலை செய்கிறது. இடம் போதாதவர்கள் பின்னால் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ராம் அப்படியல்ல. போர்டில் ஒட்டியது ஒட்டியதுதான், ஏழு வருடத்துக்கு யாராலும் மாற்ற முடியாது.

நிலாமுற்றம்:
இதற்கு என் முழு ஆதரவு. 1 டிபி எஸ்எஸ்டி, 30 ஜிபி ராம்.

சிலிக்கான்_செல்வன்:
எஸ்எஸ்டிக்குள் இருக்கும் நாண்ட் சிப் விலையும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. 1 டிபியைக் குறைத்து மிச்சம் பிடிப்பது 6 ஜிபி ஜிடிடிஆர்7-க்கு ஈடாகுமா என்பது வெளியீட்டுக்கு ஓரிரு வருடம் முன்பு போடப்படும் நினைவக ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அந்த ஒப்பந்தம் ஏஐ தேவை உச்சத்தில் இருக்கும்போது போடப்பட்டால் 24. தேவை தணியும்வரை வெளியீட்டைத் தள்ளிவைக்க சோனி தயாராக இருந்தால் 30-க்கு வழி இருக்கிறது. பிஎஸ்5 இன்னும் நன்றாக விற்கிறது, அவசரம் ஒன்றுமில்லை. ஒரு வருடம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, 30 வேண்டும் என்பீர்களா?

தென்பொதிகை:
காத்திருப்பேன்.

ரிச்சி_தெரு:
டிஸ்க் டிரைவோடு வந்தால் நானும்.